தராசு ஒரு முனையில் மட்டும் இருந்தா போதுமா?

கடைக்குப் புது மெஷின் வருது, அங்க வேலை பார்க்கிறவங்க வேண்டாம்ங்கிறாங்க. உடனே நமக்கு என்ன தோணும்? ‘கத்துக்க சோம்பேறித்தனம்’, இல்லன்னா ‘இனி திருட முடியாதுன்னு பயம்’. தமிழ்நாட்டு ரேஷன் கடை ஊழியர்களைப் பத்தியும் இப்படித்தான் பேசுறாங்க.

இந்தக் கடைகளுக்கு 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை வந்தது. எங்க பாளையம்பட்டி அருப்புக்கோட்டையை ஒட்டின ஊர். நெசவும் கூலி வேலையும் பார்த்த கைகள்ல ரேகை தேஞ்சிருக்கும். மெஷின் ஏத்துக்கலைன்னா திட்டு வாங்குறது விற்பனையாளர்தான்.

2025-ல் எலக்ட்ரானிக் தராசை புளூடூத் மூலமா பில் போடுற மெஷினோட இணைச்சாங்க. முன்னாடி 20 கிலோன்னு பில் போட்டுட்டு, அரை கிலோ குறைச்சுப் போட முடிஞ்சது. இப்போ தராசுல சரியான எடை நின்னாதான் பில் வரும். கார்டு வச்சிருக்கிற நமக்கு இது நல்லதுதான். அதுல சந்தேகமே இல்ல.

அப்புறம் ஏன் ஊழியர் சங்கங்கள் எதிர்த்தாங்க? ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா நிறுத்தணும், நேரம் ஆகுது, வரிசை நீளுது. ஆனா அதைவிடப் பெரிய புகார் ஒண்ணு இருக்கு. நுகர்பொருள் வாணிபக் கழகக் குடோன்ல இருந்து வர்ற மூட்டைகள்லயே எடை குறையுதுன்னாங்க. எங்களுக்கும் சரியா எடை போட்டுக் கொடுங்கன்னு கேட்டாங்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ மூட்டையில 1 கிலோ குறையுதுன்னு வைங்க. 40 மூட்டைக்கு 40 கிலோ. 20 கிலோ வாங்குற ரெண்டு குடும்பத்தோட அரிசி அது. முன்னாடி அந்த இழப்பை எல்லார் பையிலயும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நம்ம தலையில கட்டினாங்க. அது தப்பு. இப்போ மெஷின் அந்த வழியை அடைச்சிருச்சு. ஆனா குறைஞ்ச அரிசி திரும்பி வரலையே! ஸ்டாக் குறைஞ்சா அபராதம் கட்ட வேண்டியது விற்பனையாளர்.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். உள்ளே வர்ற டேட்டாவைச் சரிபார்க்காம, வெளியே போறதை மட்டும் சரிபார்த்தா அந்த சிஸ்டம் பாதிதான் முடிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஊழியர்கள் காட்டினது அந்த மீதிப் பாதியைத்தான்.

அதனால தராசை எடுக்கச் சொல்ல வேண்டாம். குடோன் வாசல்லயும், கடையில மூட்டை இறங்குற இடத்துலயும் இதே மாதிரி ஒண்ணு வைக்கச் சொல்லுவோம். எடை குறைஞ்சா எங்க குறைஞ்சதுன்னு அப்போ தெரிஞ்சிடும்.

உங்க ஆபீஸ்லயோ கடையிலயோ ஒரு புது மெஷினுக்கு யாராவது முகம் சுளிச்சா, முதல்ல இதைக் கேளுங்க: இந்த மெஷின் யாரை அளக்குது, யாரை அளக்காம விடுது? அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.