நலத்துறை கற்பித்த நல்லாசிரியர்



மருத்துவக் கல்வி என்றவுடன் மருந்தும் அறுவையுமே நம் நினைவிற்கு வருகின்றன. நோயாளரை ஒவ்வொருவராகக் குணப்படுத்துதல் ஓரறம். ஒரு நாட்டு மக்கள் எதனால் நோயுறுகின்றனர், மருத்துவம் யார்க்கு எட்டிற்று, யார்க்கு எட்டவில்லை என ஆராய்ந்து கற்பித்தல் பிறிதோரறம். இவ்விரண்டாவதற்கு உழைத்த ஹான்ஸ் ரோஸ்லிங் என்பாரைப் பற்றியே யாம் இன்று கூறப் புகுந்தோம்.

இவர் சுவீடன் நாட்டு உப்சாலாவில் 1948-இல் பிறந்தார். 1972-இல் நம் பெங்களூரிலும் சின்னாள் பயின்றார். 1979 முதல் 1981 வரை மொசாம்பிக் நாட்டு நக்காலாவில் மாவட்ட மருத்துவராயிருந்தார். அங்கே மருத்துவமனையில் இறந்த குழந்தைகளினும் அதன் வாயிலையே காணாது வீட்டில் இறந்த குழந்தைகள் பன்மடங்கு மிகுதி எனக் கணக்கிட்டறிந்தார். கண்முன் கிடக்கும் ஒரு குழந்தைக்கே பொழுதெல்லாம் செலவிடின், காணாக் குழந்தைகளைக் காப்பார் யார்? இவ்வினாவே இத்துறைக்கு உயிர்நாடி.

1981-இல் அப்பகுதியில் 1,000 பேருக்கு மேல் திடீரெனக் கால் விளங்காது போயினர். பெண்டிரும் சிறுவருமே மிகுதி. ரோஸ்லிங்கும் துணைவரும் ஊரூராகச் சென்று வினவினர். வறட்சியால் பிற உணவு அருகிற்று. கசப்பு மரவள்ளிக் கிழங்கைப் பல நாள் பதப்படுத்தி நஞ்சு போக்கும் வழக்கத்தைப் பசி குறுக்கிற்று. கோன்சோ எனப்படும் அந்நோய்க்கு மூலம் இதுவே எனத் தெளிந்தனர். முடங்கிய காலை மீட்க மருந்தில்லை. வருமுன் காக்க உணவுமுறை உண்டு. இவ்வாராய்ச்சிக்கே 1986-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா கல்விநிலையத்திற் பேராசிரியரானார். இரண்டிரண்டு நாடுகளாக ஐந்து இணைகளைக் காட்டி, ஒவ்வொன்றிலும் குழந்தைச் சாவு எந்நாட்டில் மிகுதி என மாணாக்கரை வினவினார். அவர்கள் சராசரி 1.8 விடையே சரியாகக் கூறினர். திருவுளச் சீட்டெடுப்பினும் சராசரி 2.5 சரியாகும்! ஆதலின் குறை வெற்றறியாமையன்று. உள்ளத்திற் படிந்த பழங்கருத்தே எனக் கண்டார். அதனைக் களையவே, புள்ளிவிவரங்களை நகரும் குமிழிகளாக்கி, நாடுகள் நலம்பெற்று வந்த வரலாற்றைக் கண்கூடாக்கினார். 2014-இல் எபோலா பரவியபோது லைபீரியாவிற்கே சென்று கணக்கெடுப்பிற்குத் துணைநின்றார். 2017-இல் மறைந்தார்.

அன்பர்காள்! மாணாக்கன் அறியாததைப் புகட்டுதல் எளிது. தவறாக அறிந்ததை அகற்றுதலே அரிது. ஆசிரியராகிய எமக்கு இஃது அன்றாடப் பாடம். மருத்துவம் பயிலும் மகன் அல்லது மகள், "மருந்தகம் வையேன், மக்கள் நலம் ஆராய்ந்து கற்பிப்பேன்" எனின், பெற்றோர் முகஞ்சுளியாதிருக்க. வருவாய் சிறிதாகலாம், காக்கப்படும் உயிர் சிறிதன்று.