ஓலைப்பெட்டிக்குப் பேரம் பேசாதீங்க

(குலசேகரத்தில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எளிமையான வாழ்க்கை பற்றிப் பேசச் சொன்னாங்க. நம்ம அடுக்களையில் இருந்தே தொடங்குறேன்.

எங்க அம்மா காலத்து வீட்டு சாமான்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பயறு போட்டு வைக்க ஓலைப்பெட்டி, எரு சுமக்கக் கடவம், அரிசி புடைக்கச் சுளவு, குழம்பு கோரச் சிரட்டைத் தவி, முற்றம் பெருக்க ஈர்க்கு வாரியல், படுக்கத் தாழம்பாய், பால்சட்டி தொங்கவிட உறி. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக்கூட அன்றைக்குச் சிரட்டைதான் கட்டினோம். இப்போது பிளாஸ்டிக் கப் தொங்குது. அந்தச் சாமான்களில் பெரும்பாலானவை தென்னை, பனை, தாழை, மூங்கில் இவற்றில் இருந்து வந்தவை. இற்றுப் போனால் அடுப்புக்குப் போகும், இல்லைன்னா வாழை மூட்டுக்குப் போகும். குப்பை வண்டியைக் காத்திருக்க வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் 'அந்தக் காலம் நல்ல காலம்'னு சொல்ல நான் வரவில்லை. அந்தச் சாமான்களைச் செய்த கைகளுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்க வீட்டுக்கு ஒரு பாட்டி ஓலைப்பெட்டி கொண்டு வருவாங்க. ஒருமுறை பெட்டிக்கு அவங்க சொன்ன விலையில் இருபது ரூபாய் குறைத்தேன். மறுபேச்சு இல்லாமல் கொடுத்துட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் வரவில்லை. நானே தேடிப்போய்க் கேட்டேன். "மக்ளே, பனை ஏற ஆளில்ல, ஓலைய வெலைக்கு வாங்கணும். பெட்டிக்கு நீங்க தர்றது ஓலைக்கே சரியாப் போவுது"ன்னாங்க. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஒரு பெட்டிக்குப் பின்னால் என்ன வேலை இருக்குன்னு அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். குருத்தோலையை வெட்டி இறக்கணும். ஈர்க்கை நீக்கி, காய வைத்து, ஒரே அகலத்தில் கீறணும். முடையும் முன்னால் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தணும். ஈரம் குறைந்தால் ஓலை ஒடியும், கூடினால் பூசணம் பிடிக்கும். அந்தப் பதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, பாட்டியின் விரலில் இருக்கு. பாட்டியின் மகளும் பேத்தியும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. வயிற்றுக்குப் போதாத தொழிலை யார் கற்பாங்க?

கைத்தொழிலுக்குச் சந்தை வேண்டும் என்பதை நம்ம பக்கத்து ஊரே காட்டியிருக்கு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் கிராம மேம்பாட்டு மையம் நடத்தினார். தேனீ வளர்ப்பு போன்ற வீட்டுத் தொழில்களைக் கற்றுக் கொடுத்ததோடு நிற்காமல், விற்பதையும் கூட்டுறவாகச் செய்ய வைத்தாங்க. தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் 1937-ல் உருவானது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் பேர் இருக்குன்னா, சேர்ந்து விற்றதும் அதற்கு ஒரு காரணம்.

இன்றைக்குச் சட்டமும் நமக்குத் துணை இருக்கு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தாங்க. மரம் நிற்கட்டும், நல்லதுதான். ஓலையை முடையும் கையும் நிற்கணும் இல்லையா?

அதற்காகத்தான் கைபேசி வைத்திருக்கும் உங்களிடம் பேசுறேன். கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. 35 வயது நிறைந்த கைவினைஞர்கள் தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ ரூ.3 லட்சம் வரை வங்கிக் கடன் பெறலாம். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.50,000 வரை மானியம். 5 சதவீதம் வரை வட்டி மானியமும் உண்டு. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விவரம் நாகர்கோவிலில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும்.

ஆனால் முடையத் தெரிந்த பாட்டிக்கு ஓ.டி.பி. தெரியாது. தெரிந்த ஒருவருக்கு நான் உதவப் போனபோது, ஆதாரில் ஒரு பேர், வங்கிப் புத்தகத்தில் வேறு பேர். அதைத் திருத்தவே மூன்று நடை ஆச்சு. அதனால் முதலில் பேர், பிறந்த தேதி, கைபேசி எண் எல்லா இடத்திலும் ஒன்றா இருக்கான்னு பார்த்துடுங்க. கடன் என்பது திருப்பிக் கட்ட வேண்டியது என்பதையும் அவங்களுக்குப் புரியும்படி சொல்லிடுங்க.

உங்ககிட்ட மூணு காரியம் கேட்கிறேன். வீட்டில் பிளாஸ்டிக் சாமான் ஒன்று உடையும்போது, அந்த இடத்தில் கைவேலைச் சாமான் ஒன்று வாங்குங்க. எல்லாத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். உங்க தெருவில் முடையத் தெரிந்தவர் யார்னு கேட்டு, அவர் செய்த பொருளைப் படம் எடுத்து, அவர் சம்மதத்தோடு குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்க. லீவு நாளில் பிள்ளைகளை அவர் பக்கத்தில் ஒருமணி நேரம் உட்கார வையுங்க.

எளிமைன்னா மலிவா வாங்குறது இல்லை. தேவையானதை மட்டும் வாங்கி, அதற்குரிய விலையைக் கொடுப்பது.

அந்தப் பாட்டி இப்போது எங்க வீட்டுக்கு வருஷம் ரெண்டு பெட்டி தர்றாங்க. விலையை அவங்கதான் சொல்றாங்க. நான் வாயைத் திறக்கிறதே இல்லை.