கடல் மணல்ல கான்கிரீட் போடலாமா?

"கடல் மணல்ல வீடு கட்டினா நிக்காது"ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா துறைமுகங்கள்ல கப்பல் வந்து போறதுக்காக, அடியில சேர்ற மணலைத் தோண்டி எடுத்துட்டேதான் இருக்காங்க. அதுல நிறைய திரும்பக் கடலுக்கே போகுது. இங்க நாம ஆத்தைச் சுரண்டிட்டு இருக்கோம்.

உண்மையான வில்லன் மணல் இல்ல, அதுல ஒட்டியிருக்கிற உப்பு. உப்புல உள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு அதிக இடத்தை அடைக்கும், அதனால கான்கிரீட் வெடிச்சுப் பெயர்ந்து விழும்.

சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 700 கிலோ மணல்னு வைங்க. அதுல 10 சதவீதம் கடல் தண்ணி இருந்தா, 70 கிலோ. கிலோவுக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. மொத்தம் 1.3 கிலோ! கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது 0.6 கிலோதான். கம்பியே இல்லைன்னா 3 கிலோ வரைக்கும் ஓகே.

கழுவினா உப்பு போயிடும். இலங்கையில முத்துராஜவெலயில கடல் மணலைக் குவிச்சு வெச்சு மழையிலேயே நனைய விட்டிருக்காங்க. தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற சென்னைக்கு இது நல்ல ஐடியா.

என் கருத்து இதுதான்: தோண்டின மணலை முதல்ல கம்பி இல்லாத பேவர் பிளாக், அலை தடுக்கிற டெட்ராபாட்னு பயன்படுத்தலாம். வீட்டுக்குன்னா, "கழுவியாச்சு சார்"ங்கிற வார்த்தையை நம்பாதீங்க. குளோரைடு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்க.