சங்கிலி நழுவ ஒரு அங்குலம் போதும்

(இராமேஸ்வரத்தில் படகு மெக்கானிக்குகளும் கடல் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு மூத்த மெக்கானிக் பேசியது)

தோழர்களே!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வலைக்கு ஓய்வு. மெக்கானிக்குக்கு ஓய்வு ஏது? இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் படகின் வயிற்றிலிருந்து டீசல் எஞ்சினை வெளியே எடுத்துப் பிரிக்கும் காலமே இதுதான். தடை முடியும் நாள் நெருங்க நெருங்க, "நாளைக்கே படகு இறங்கணும்" என்று உரிமையாளர் நெருக்குவார். விபத்து காத்திருப்பது அந்த அவசரத்துக்குத்தான்.

என் இடது கையைப் பாருங்கள். இரண்டு விரல் இல்லை. இருபது வருஷத்துக்கு முன் ஒரு ஷெட்டில், எஞ்சினை ஸ்டாண்டின் மேல் இறக்கிக் கொண்டிருந்தோம். போல்ட் துளை பொருந்தவில்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். மேலே சங்கிலி நழுவியது. ஒரே ஒரு அங்குலம்! "போன வருஷம் தாங்கிச்சே" என்றார் ஷெட் முதலாளி. போன வருஷமும் அதற்கு முந்திய வருஷமும் தாங்கித்தானே அது தேய்ந்தது?

சங்கிலியிலிருந்தே தொடங்குவோம். நம் ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். வெளியே பளபளப்பாக இருக்கும். கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் பாதி தேய்ந்திருக்கும். ஒவ்வொரு கண்ணியாகத் திருப்பிப் பாருங்கள். கொக்கியின் வாய் விரிந்திருந்தால் நெருப்பில் காய்ச்சி அடித்து நிமிர்த்தாதீர்கள், தூக்கி எறியுங்கள். செயின் பிளாக்கின் பிரேக் தட்டில் எண்ணெய் விடாதீர்கள். அந்தத் தட்டு பிடிப்பதால்தான் பாரம் நிற்கிறது. கை எட்டும் தூரத்தில் நைலான் கயிறு கிடக்கிறதே என்று அதில் எஞ்சினைக் கட்டுவது நம் கரையின் கெட்ட பழக்கம். அது இழுபடும், எஞ்சினின் கூரான விளிம்பில் அறுபடும்.

அடுத்தது ஒரு கணக்கு. எஞ்சின் 600 கிலோ என்று வைத்துக் கொள்வோம். முன்னும் பின்னும் சங்கிலி மாட்டி நடுவில் கொக்கியில் சேர்க்கிறோம். அந்தச் சங்கிலிகள் படுக்கை மட்டத்துக்கு 60 டிகிரி சாய்வில் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் சுமார் 350 கிலோ தாங்கும். குட்டைச் சங்கிலி போட்டு 30 டிகிரிக்குப் படுக்கவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் முழு 600 கிலோ! படகுக்குள் உயரம் போதாது என்று நாம் செய்வது இதைத்தானே? முக்காலியை உயர்த்துங்கள், சங்கிலியைக் குறுக்காதீர்கள். மாட்டும் இடம் எஞ்சினில் அதற்கென்றே உள்ள காது. மேல்மூடியிலோ, புகைக்குழாய் பூட்டிய இடத்திலோ மாட்டக் கூடாது.

முக்காலியின் கால் மணலில் புதையும். ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த பலகை போடுங்கள். கால்கள் அகலாதபடி மூன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். மிதக்கும் படகிலிருந்து தூக்கக் கூடாது; அலை ஒரு முறை தட்டினாலும் பாரம் ஊசலாடும். பாட்டரியைக் கழற்றி, எண்ணெயையும் தண்ணீரையும் வடித்து, குழாய்கள், சுழல்தண்டின் இணைப்பு, அடிப் போல்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று ஒருவர் எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு போல்ட் மறந்தால் சங்கிலி படகையே இழுக்கும். அந்தப் போல்ட் அறுந்த கணத்தில் எஞ்சின் துள்ளும்.

1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை நம் தொழிலாளர்கள் கையாலேயே இயக்கினார்கள். நூற்றுக்கணக்கான டன் இரும்பு! எதிர்ப்பாரம் இருந்ததால் கைபலம் போதுமாயிருந்தது. எஞ்சினிலும் அப்படித்தான். கியர் பக்கம் கனம் அதிகம். கொக்கி அந்தப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். ஒரு பீடி புகைக்கிற நேரம் பாருங்கள். (டீசல் சிந்திய இடத்தில் நிஜமாகவே புகைத்துத் தொலைக்காதீர்கள்!) சாய்ந்தால் இறக்கிச் சங்கிலியை மாற்றுங்கள். எஞ்சினைக் கையால் பிடித்துத் திருப்பாதீர்கள். கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்புங்கள். உத்தரவு ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் "நிறுத்து" என்று மட்டும் யாரும் கத்தலாம், டீ வாங்கி வரும் பையன் உட்பட.

கிணற்றிலிருந்து ஆயில் எஞ்சினை ஏற்றும் விவசாயத் தொழிலாளிக்கும், ஆலையில் மோட்டார் தூக்கும் தோழருக்கும் இதே முறைதான். ஆலைத் தோழருக்குச் சட்டம் கொஞ்சம் துணை நின்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, தூக்கும் சாதனத்தையும் சங்கிலியையும் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும், குறித்த பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலையாக இருந்தது. 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அந்த 10ஐ 20 ஆக்கிவிட்டது. மூன்று பேர் வேலை செய்யும் கரை ஷெட்டைச் சோதிக்க யார் வருவார்? நாமேதான் பார்க்க வேண்டும். புதுச் சங்கிலிக்குப் பணம் ஷெட் முதலாளி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கொக்கியை மாட்டாதீர்கள். ஒருவர் மறுத்தால் வேறு ஆளைக் கூப்பிடுவார்; கரையே மறுத்தால் கடைக்குப் போவார்.

கடைசியாக ஸ்டாண்டு. கார் எஞ்சினைப் பின்பக்கம் மட்டும் பூட்டித் தாங்கும் ஒற்றைக் கை ஸ்டாண்டு படகு எஞ்சினுக்கு உதவாது. நான்கு காலும் உட்காரும் சட்டம் வேண்டும். சக்கரம் இருந்தால் முதலில் ஆப்பு வையுங்கள். துளை பொருந்துகிறதா என்று கம்பியை விட்டுப் பாருங்கள், விரலை விடாதீர்கள். போல்ட்டுகள் எல்லாம் இறுகி, சங்கிலி தொய்ந்து, எஞ்சின் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகே கொக்கியைக் கழற்றலாம்.

அந்த முக்காலியை இப்படிக் கொண்டு வாருங்கள். செய்தே காட்டுகிறேன்.