கடவுளை நம்புறியா? முதல்ல கேக்கிறது யாருன்னு சொல்லு

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும்தான் பேசப்போறேன். விஷயம் கொஞ்சம் சொந்த விஷயம்.

‘கடவுளை நம்புறியா?’ங்கிற கேள்விக்குப் போன வருஷம் ஒரே மாசத்துல நான் நாலு பதில் சொன்னேன். ஆபீஸ் பக்கத்து டீக்கடையில ஃப்ரெண்ட் கேட்டான். “இல்லடா”ன்னேன். வேளச்சேரியில வீடு பார்க்கப் போனப்ப ஹவுஸ் ஓனர் சுத்தி வளைச்சு, “கோயிலுக்கெல்லாம் போவீங்கல்ல தம்பி?”ன்னார். “போவேன் சார்”னேன். ஒரு அரசு விண்ணப்பத்துல மதம்னு கட்டம் இருந்துச்சு. ‘இந்து’ன்னு எழுதினேன். நாலாவதா அம்மா போன்ல கேட்டாங்க. அதுக்குப் பதிலே சொல்லலை.

நாலுல எது பொய்? ரொம்ப நாள் நான், டீக்கடை பதில் மட்டும்தான் உண்மை, மத்ததெல்லாம் கோழைத்தனம்னு நினைச்சேன். இப்ப அப்படி நினைக்கலை. ஏன்னு சொல்றேன்.

எனக்கு ஊர் அணைக்கட்டு. வேலூர் பக்கம். சுத்துவட்டாரத்துல ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு முழுக்கத் தோல் தொழில். வெளியூர்க்காரங்களுக்கு ஆம்பூர்னா பிரியாணி. எங்களுக்கு ஆம்பூர்னா ஷூ கம்பெனி. விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஊர் ஊரா வந்து பொம்பளைங்களை ஏத்திட்டுப் போகும். எங்கம்மா பதினெட்டு வருஷம் அந்த பஸ்ல போனாங்க. ஷூவோட மேல்பாகம் தைக்கிற லைன்ல வேலை.

அம்மா தினமும் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி சாமி படத்துக்கு முன்னாடி அரை நிமிஷம் நிப்பாங்க. உதடு மட்டும் அசையும். காலேஜ் ரெண்டாவது வருஷம், நாலு புத்தகம் படிச்ச திமிருல நான் ஒரு நாள் கேட்டேன். “அங்க யாருமே இல்லம்மா, யார்கிட்ட பேசுற?” அம்மா கோவப்படலை. “சூப்பர்வைசர்கிட்ட சொல்ல முடியுமா? உங்க நைனாகிட்ட சொல்ல முடியுமா? யார்கிட்டயாவது சொல்லணும்ல கண்ணு”ன்னாங்க. சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க.

நான் கேட்டது கடவுள் இருக்காரா இல்லையான்னு. அவங்க சொன்னது, தனக்கு ஏன் ஒருத்தர் வேணும்ங்கிறதுக்கான பதில். ரெண்டும் வேற வேற கேள்வின்னு எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

இப்ப கொஞ்சம் நம்பர் பார்க்கலாம். 2021ல பியூ ஆராய்ச்சி மையம் இந்தியாவுல மதம் பத்தி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டுச்சு. 2019 கடைசியிலயும் 2020 ஆரம்பத்துலயும் சுமார் 30,000 பேரை நேர்ல பார்த்துக் கேட்டது. கடவுளை நம்புறேன்னு சொன்னவங்க 97 சதவீதம். அதே ஆய்வுல இன்னொரு தகவலும் இருக்கு. பௌத்தர்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர், கடவுள் நம்பிக்கை இல்லைன்னு சொல்லியிருக்காங்க. அதாவது ஒரு மதத்துல இருக்கிறதும் கடவுளை நம்புறதும் ஒன்னு இல்லை.

அந்த 97ஐப் பொய்னு நான் சொல்லலை. ஆனா அந்த ஆய்வுக்காரங்க எங்க வீட்டுக்கு வந்திருந்து, அம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தா, நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியும். 98 ஆக்க நானும் என்னால ஆனதைச் செஞ்சிருப்பேன்.

சரி, மக்கள் ஏன் நம்புறாங்க? பிப்பா நாரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட்னு ரெண்டு அரசியல் அறிஞர்கள் 2004ல ஒரு புத்தகம் எழுதினாங்க. அவங்க வாதம் சுருக்கமா இதுதான்: நாளைக்கு சாப்பாடு, வேலை, வைத்தியம், உயிர் எதுக்கும் உத்தரவாதம் இல்லாத இடத்துல மதம் பலமா இருக்கும். உத்தரவாதம் கூடக்கூட அதோட பிடி தளரும்.

எங்க பக்கம் பார்த்தா இது சட்டுனு பொருந்தும். 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்ல, தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல கழிவு தேக்கி வெச்ச தொட்டியோட சுவர் இடிஞ்சு விழுந்துச்சு. பக்கத்துல தூங்கிட்டிருந்த தொழிலாளிங்க 10 பேர் அந்தக் கழிவுல மூழ்கிச் செத்துப்போனாங்க. ராத்திரி வேலை முடிஞ்சு படுத்தா காலையில எழுந்திருப்போமாங்கிறதுக்கே உத்தரவாதம் இல்லாத இடத்துல, அரை நிமிஷம் உதடு அசையறதை நான் எந்த வாயால கிண்டல் பண்றது?

ஆனா பயம் மட்டும்தான் காரணம்னு சொன்னா கணக்கு முடியாது. வேலூர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல ஸ்ரீபுரம் பொற்கோயில் இருக்கு. 2007ல திறந்தது. கூரை முழுக்கத் தங்கத் தகடு. அங்க வர்றவங்க எல்லாரும் நாளைய சோத்துக்குக் கவலைப்படுறவங்க இல்லை. சில பேர் நன்றி சொல்ல வர்றாங்க. சில பேருக்கு அது அழகு. சில பேர் சொந்தக்காரங்க கூப்பிட்டாங்கன்னு வர்றாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, வாரத்துல அந்த ஒரு நாள்தான் வீட்டை விட்டு வெளிய வர முடியும்னு கோயிலுக்குப் போறவங்க. இவங்க எல்லாரும் ‘நம்புறேன்’னு ஒரே வார்த்தையைத்தான் சொல்வாங்க. உள்ள இருக்கிற விஷயம் வேற வேற.

நான் எழுதின அந்த மூணாவது பதிலுக்கு வர்றேன். விண்ணப்பத்துல ‘இந்து’.

இந்தக் கட்டத்தோட சண்டை போட்ட ஒருத்தங்க எங்க பக்கத்துலயே இருக்காங்க. திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ.சினேகா. அவங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் வழக்கறிஞர்கள். பொண்ணை ஸ்கூல்ல சேர்க்கும்போதே சாதி, மதம் ரெண்டு கட்டத்தையும் காலியா விட்டாங்க. சினேகா வளர்ந்து, ‘எனக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லைன்னு சான்றிதழ் கொடுங்க’ன்னு 2010லேர்ந்து விண்ணப்பம் போட்டாங்க. திரும்பத் திரும்ப நிராகரிச்சாங்க. கடைசியில 2019 பிப்ரவரி 5ஆம் தேதி திருப்பத்தூர் தாசில்தார் கையெழுத்துல அந்தச் சான்றிதழ் கிடைச்சது. அப்ப திருப்பத்தூர் வேலூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. இந்தியாவுலயே இப்படி ஒரு சான்றிதழ் வாங்கின முதல் ஆள்னு செய்திகள் வந்துச்சு.

அந்தச் சான்றிதழ் என்ன சொல்லலைன்னு கவனிங்க. கடவுளை நம்புறாங்களா இல்லையான்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது. இன்ன சாதி, இன்ன மதம்னு எதுலயும் சேராதவர்னுதான் இருக்கு. அரசாங்கத்தோட கட்டம் நம்மகிட்ட எப்பவும் நம்பிக்கையைக் கேக்கிறதில்லை. எந்தக் கூட்டத்துல நிக்கிறேன்னுதான் கேக்குது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல மதம் குறிப்பிடாதவங்க சுமார் 29 லட்சம் பேர், மொத்தத்துல 0.24 சதவீதம். மத்த 99 சொச்சம் சதவீதமும் ஏதோ ஒரு கட்டத்துக்குள்ள. அதுல நம்பாதவங்க எத்தனை பேர்னு அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. நானும் உள்ளதான் இருக்கேன்.

‘அப்ப நீயும் போய் அந்தச் சான்றிதழ் வாங்க வேண்டியதுதானே?’ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா அந்தக் கட்டம் எல்லாருக்கும் ஒரே விலை இல்லை. அதுதான் எங்க தோல் பட்டையில பிறந்தவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம்.

தோல் வேலையில தலைமுறை தலைமுறையா இருக்கிறவங்கள்ல தலித் மக்கள் நிறைய. எங்க பக்கம் மிஷன் சர்ச்சுகளும் நிறைய. 1950ல வந்த அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி, பட்டியல் சாதிங்கிற தகுதி முதல்ல இந்துக்களுக்கு மட்டும்தான். 1956ல சீக்கியர்களைச் சேர்த்தாங்க. 1990ல பௌத்தர்களைச் சேர்த்தாங்க. கிறித்தவரும் முஸ்லிமும் இன்னைக்கு வரைக்கும் அதுல இல்லை. தமிழ்நாட்டுல கிறித்தவத்துக்குப் போன தலித் மக்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல வருவாங்க. ஒரே தெரு, ஒரே தாத்தா, ஊருக்குள்ள ஒரே அவமானம். கட்டத்துல எழுதுற ஒரு வார்த்தை மாறினா, ஸ்காலர்ஷிப் மாறும், சீட்டு மாறும், வேலை மாறும்.

2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு புதுச்சேரி வழக்கு இது. ஒரு பெண், தான் இந்துன்னு சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டாங்க. நீதிமன்றம், அவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்க, தவறாம சர்ச்சுக்குப் போறவங்கன்னு எடுத்துச் சொல்லி, நம்பிக்கை இல்லாம இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துன்னு சொல்றதை ஏத்துக்க முடியாதுன்னு மனுவைத் தள்ளுபடி பண்ணிச்சு. சட்டப்படி சரியா தப்பான்னு வழக்கறிஞர்கள் பேசட்டும். என்னை யோசிக்க வெச்சது வேற. அந்தப் பெண் ஞாயித்துக்கிழமை எங்க போறாங்கங்கிறதுக்கு ஒரு விலை இருக்கு. நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்கிட்டு, டீக்கடையில “கடவுள் இல்லடா”ன்னு சொல்லிட்டு, திங்கட்கிழமை போய் ‘இந்து’ன்னு எழுதலாம். என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நம்பாம இருக்கிற எனக்கு அந்தக் கட்டம் இலவசம். நம்புற அவங்களுக்கு இல்லை.

இதைவிடப் பெரிய விலையும் உண்டு. மூடநம்பிக்கைக்கு எதிரா வேலை செஞ்ச நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்ட் 20ஆம் தேதி புனேவுல காலை நடைப்பயிற்சி போகும்போது சுட்டுக் கொன்னாங்க. 2017 மார்ச்ல கோயம்புத்தூர்ல, திராவிடர் விடுதலைக் கழகத்துல இருந்த ஃபாரூக்கை, கடவுள் மறுப்புக் கருத்துகளுக்காக வெட்டிக் கொன்னாங்க. ரெண்டு பேரும் வேற வேற மதத்துல பிறந்தவங்க. ‘இல்லை’ன்னு உரக்கச் சொல்றதுக்கு எந்தப் பக்கத்துலயும் தள்ளுபடி கிடையாது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஒருத்தர் நம்புறாரா இல்லையாங்கிறது, பதிலுக்கு விலை இல்லாத இடத்துலதான் தெரியும். வீடு கொடுக்கிறவர் கேட்டா தெரியாது. சான்றிதழ் கொடுக்கிறவர் கேட்டாலும் தெரியாது. பிள்ளை விட்டுட்டுப் போயிடுவானோன்னு பயப்படுற அம்மா கேட்டாக்கூடத் தெரியாது.

அப்படி விலையில்லாத இடம் உண்டா? எங்க ஊர்லேயே ஒரு கதை இருக்கு.

ஐடா ஸ்கடர் 1870ல ராணிப்பேட்டையில பிறந்தவங்க. மிஷனரி டாக்டர் குடும்பம். இளம் வயசுல திண்டிவனத்துல இருந்தப்ப, ஒரே ராத்திரி மூணு பேர் வந்து கதவைத் தட்டினாங்களாம். மூணு பேரோட மனைவிக்கும் பிரசவ வலி. ஆம்பளை டாக்டரை உள்ள விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. விடிஞ்சப்ப மூணு பொம்பளைங்களும் உயிரோட இல்லை. அவங்கள்ல முஸ்லிமும் உண்டு, இந்துவும் உண்டு. கடவுள் தன்னைக் கூப்பிட்டதா ஐடா அதை எடுத்துக்கிட்டாங்க. அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு வந்து, 1900ல வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சாங்க. அதுதான் இன்னைக்கு சி.எம்.சி.

73 வருஷம் கழிச்சு, அதே சி.எம்.சி.க்கு ஒரு 94 வயசுப் பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தாங்க. வாழ்நாள் முழுக்க மேடை போட்டுக் கடவுள் இல்லைன்னு சொன்னவர். பெரியார். டிசம்பர் 19ஆம் தேதி சென்னை தியாகராய நகர்ல கடைசிக் கூட்டம் பேசிட்டு வந்தவர், 24ஆம் தேதி அந்த ஆஸ்பத்திரியில இறந்துபோனார். கூடவே இருந்த மணியம்மையாரும் வேலூர்ல பிறந்தவங்கதான்.

ஒருத்தர் நம்பினதால கட்டின ஆஸ்பத்திரி. நம்பாத ஒருத்தரோட கடைசி நாட்கள் அதுல. அவர் ‘இல்லை’ன்னு சொன்னதுக்காக வைத்தியம் நிக்கலை. வைத்தியம் நடந்ததுக்காக அவர் ‘இருக்கு’ன்னு சொல்ல வேண்டியும் வரலை.

கடைசியா என் நாலாவது பதில். அம்மாகிட்ட ஏன் பேசாம இருந்தேன்?

அந்த மாசம் எங்க நைனாவுக்கு இதய ஆபரேஷன். எந்த ஆஸ்பத்திரிங்கிறது வேணாம். நாலு மணி நேரம்னு சொன்னாங்க, ஆறு மணி நேரம் ஆச்சு. காரிடார்ல நின்னுட்டிருந்தப்ப என் வாயில ‘கடவுளே, கடவுளே’ன்னு வந்துச்சு. அம்மா பக்கத்துல இருந்தாங்க, கேட்டுட்டாங்க. நைனா நல்லபடியா வீட்டுக்கு வந்த பிறகு போன்ல கேட்டாங்க: “இன்னா கண்ணு, இப்ப நம்புறியா?”

எனக்குத் தெரியலை. அது நம்பிக்கையா, சின்ன வயசுப் பழக்கமா, வெறும் பயமா? ‘ஆமா’ன்னு சொன்னா அம்மா சந்தோஷப்படுவாங்க. ‘இல்ல’ன்னு சொன்னா நான் டீக்கடையில ஜெயிப்பேன். ரெண்டுமே விலைக்கான பதில். அதனால பேசாம இருந்தேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப, நானே பேச்சை எடுத்தேன். “எனக்கு யாரும் அங்க இருக்கிற மாதிரி தெரியலைம்மா. ஆனா அன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு”ன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிட்டே இருந்தாங்க. அப்புறம், “அவ்ளோதான் எனக்கும்”னாங்க. “ஆனா எனக்கு அங்க இருக்காரு.” சிரிச்சாங்க. நான் துடைச்சு அடுக்கினேன்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுல ஒருத்தர்கிட்ட கேளுங்க. ‘நம்புறியா’ன்னு கேக்காதீங்க, அதுக்கு ரெடிமேட் பதில் வரும். எப்ப வேணும்னு தோணுச்சு, எப்ப வேணாம்னு தோணுச்சுன்னு கேளுங்க. என்ன பதில் வந்தாலும் நம்ம உறவு மாறாதுன்னு முதல்லயே சொல்லிட்டுக் கேளுங்க. அவங்க சொன்னதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேர் போட மாட்டோம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.