சுண்டைக்குக் கீழும் வேலை உண்டு

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். சுமைகூலி இருக்கட்டும், வற்றல் போட்டுப் பழகியவர்களைக் கேளுங்கள், செய்கூலி அதற்கும் மேல் என்பார்கள்.

காய் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். காம்பைக் கிள்ளி, குழவியால் லேசாக ஒரு தட்டு. வாய் பிளக்கலாம், நசுங்கக் கூடாது. உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறும். காலையில் எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் மறுபடி அதே மோரில். மோர் தீரும்வரை இதே கதைதான். பிறகு கலகலவென்று காய வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, நல்லெண்ணெயில் வறுக்கையில் கொஞ்சம் அசந்தால் கருகிப்போகும். வத்தக்குழம்பும் அதோடு போச்சு! பிள்ளை பெற்றவளுக்கு இடிக்கிற அங்காயப்பொடியிலும், வேப்பம்பூ, சுக்கோடு சுண்டை வற்றல் சேரும்.

இவ்வளவு நெருங்கிவிட்ட செடிக்குப் பூர்வீகம் நம் ஊர் இல்லை. நடு அமெரிக்கா, கரீபியன் பக்கத்திலிருந்து வந்தது. கத்தரி, தக்காளிக்குப் பங்காளி. தாய்லாந்தில் தேங்காய்ப்பால் விட்ட பச்சைக் கறியில் முழுக்காயாகப் போடுகிறார்கள். ஜமைக்காவில் இதற்கு சுசும்பர் என்று பெயர். உப்பிட்ட மீனோடு சமைக்கிறார்கள். அங்கே இதைச் சாப்பிட்டு நாக்குழறி, நடை தள்ளாடி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு. அதற்காக நாம் சுண்டையையே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலியோரத்தில் முன்பின் தெரியாத செடியைப் பார்த்துச் சுண்டை என்று பறிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், காயைவிட வேர்தான் கெட்டிக்காரன். கத்தரி பயிரிடுகிறவர்களுக்குத் தெரியும்: நேற்றுவரை தளதளவென்று நின்ற செடி இன்று தலை தொங்கிவிடும். மண்ணில் இருக்கும் பாக்டீரியா தருகிற வாடல் நோய் அது. சுண்டை வேர் அதை நன்றாகவே தாங்கும், வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும். அதனால்தான் சுண்டை நாற்றின் தலையைச் சீவி, அதன்மேல் கத்தரி நுனியைச் செருகிக் கட்டி, ஒட்டுக்கத்தரி உண்டாக்குகிறார்கள். சுண்டை விதை முளைப்பதில் சோம்பேறி. அதை முதலில் விதைத்துவிட்டு, சில வாரம் கழித்துத்தான் கத்தரியை விதைக்க வேண்டும்.

ஒட்டுக்கன்று வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஒட்டுக்குக் கீழே முள்ளோடு துளிர்ப்பதெல்லாம் சுண்டை. அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் கத்தரியை அமுக்கிவிட்டு அது எழுந்துவிடும். பிறகு வற்றல் போட மோர் தயார் செய்ய வேண்டியதுதான்.