காண்டாமிருகத்தின் காவலன்



எருமையின் குளம்படியைத் தொடர்ந்து நடக்கும் உண்ணிக்கொக்கைக் கண்டதும் 'நட்பு' என்று எழுதிவிடுகிறோம். அச்சொல்லை எழுதுமுன் ஆப்பிரிக்காவைச் சற்று நோக்குவோம்.

அங்கே கருங்காண்டாமிருகத்தின் முதுகில் அமர்ந்து உண்ணி கொத்தும் செவ்வலகுச் சிறு பறவை ஒன்று உண்டு. பிணி தீர்க்கும் தோழன் என்றே அதனை நெடுங்காலம் போற்றினர். 2000ஆம் ஆண்டில், ஜிம்பாப்வே மாடுகளிடம் பால் வீக்ஸ் செய்த ஆய்வு வெளிவந்தது. பறவையால் உண்ணிகள் குறையவில்லை. ஆறவேண்டிய புண்ணைக் கிளறி அது குருதி குடிக்கிறது என்றது அவ்வாய்வு. தோழன் கள்வனானான்.

ஆனால், சுவாகிலி மொழியில் அப்பறவையின் பெயர் 'காண்டாமிருகத்தின் காவலன்' என்பதாகும். 2020இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு அப்பெயருக்குச் சான்றளித்தது. பார்வைக் கூர்மை குறைந்த அவ்விலங்கு, பறவை இல்லாதபோது தன்னை நெருங்கிய மனிதரை நூற்றுக்கு 23 முறையே உணர்ந்தது. பறவை உடனிருந்தபோது ஒவ்வொரு முறையும் உணர்ந்தது. கொம்புக்காகக் கொல்லப்பட்டு அருகிவிட்ட உயிருக்கு இது வாழ்வா சாவா என்னும் வேறுபாடன்றோ!

குருதி குடிப்பதும் அதுவே. உயிர் காப்பதும் அதுவே. நட்பு, பகை என்னும் இரு சொற்களுள் எதிலும் அவ்வுறவு அடங்காது. பெயரிட்டவர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு சொன்னார்கள். நாமோ உவமையை முன்வைத்துக்கொண்டு பறவையைப் பின்னர்த் தேடுகிறோம். பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் இனிவரும் கவிதைகள் பார்த்தபின் எழுதியவையாக அமையட்டும்.